பழுப்பு நிறத்தில் செத்தவை

பாளையங்கோட்டையில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த மருத்துவமனையில், எண்டாஸ்கோபி அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு கிடக்கும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் அதில் போய் உட்காருவேன். உணவுக்குழாயில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் டாக்டர்கள் அனுப்பும் ஆட்களிடம் பேசி, ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது என் வேலை. நோயைக் கண்டுபிடிக்க எடுக்கிற சதைத் துணுக்கோடு, என் ஆராய்ச்சிக்கும் ஒரு துணுக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்பதுதான் அந்தத் தாளில் இருப்பது. அநேகமாக எல்லாரும் வாசிக்காமலே போட்டுவிடுவார்கள். வெறும் வயிற்றோடும் பயத்தோடும் இருக்கிற மனுஷரிடம் எதை நீட்டினாலும் கையெழுத்துக் கிடைக்கும்.

அவர் மட்டும் வாசித்தார். கண்ணாடியை மனைவியின் பையிலிருந்து எடுக்கச் சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உதட்டை அசைத்து வாசித்தார். மேலப்பாளையத்துக்காரர். அறுபதைத் தாண்டியிருந்தார். சவூதியில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே டீயைக் குடிக்கிற பழக்கம் அங்கே பிடித்துக்கொண்டது, கொஞ்சம் ஆறிவிட்டாலும் திரும்ப அடுப்பில் வைக்கச் சொல்வார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். சிகரெட்டும் உண்டு. இரண்டையும் என் படிவத்தில் குறித்துக்கொண்டேன். இரண்டு மாதமாகச் சோறு நெஞ்சில் நிற்கிறது, தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது என்றார்கள்.

வாசித்து முடித்துத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, எடுப்பதை வைத்து என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன். நம் உடம்பில் ஒரு செல் பழுதாகிவிட்டால் அது தானாகச் செத்துப்போக வேண்டும். சாகச் சொல்லி அதற்கு ஒரு செய்தி போகும். அந்தச் செய்தியைச் சில மூலக்கூறுகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடைசியாக வாங்குகிற மூலக்கூறு செல்லை உள்ளுக்குள்ளேயே வெட்டிப் பிரித்துவிடும். புற்றுநோயில் அந்தச் செய்தி எங்கேயோ தடைபட்டு நின்றுவிடுகிறது. எங்கே நிற்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "மவுத்துக்கு உத்தரவு மேல இருந்துல்லா வரும். நீங்க உள்ள இருந்து வருதுன்னு சொல்லுதீய."

மனைவி அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, எடுத்ததை ஒருநாள் தனக்குக் காட்ட வேண்டும் என்றார். தன் உடம்புக்குள் இருக்கிற ஒன்றைத் தன்னைத் தவிர எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. காட்டுகிறேன் என்று சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் பேச்சு முடியும் என்று தோன்றியது.

சோதனை முடிவு புற்றுநோய் என்றே வந்தது. அதை அவரிடம் சொன்னது டாக்டர். எனக்குத் துணுக்கு மட்டும் வந்து சேர்ந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதை மெழுகில் புதைத்து, கட்டியாக்கி, மெழுகோடு சேர்த்து மெல்லிய ஏடுகளாகச் சீவி, சின்னக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்ற வேண்டும். நான் பயன்படுத்திய சாயத்தில், சாவுச் செய்தி போய்ச் சேர்ந்து செத்துக்கொண்டிருக்கிற செல்கள் பழுப்பாகத் தெரியும். உயிரோடு இருப்பவை நீலமாக நிற்கும்.

மற்றவர்களுடைய கண்ணாடிகளில் பழுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். கட்டி சாக மறுக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அவருடைய கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது பழுப்பு நிறைய இருந்தது. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். செத்துக் கிடந்தவை கட்டியின் செல்கள் இல்லை. சின்னதாக, உருண்டையாக, கட்டியைச் சுற்றி வளைத்து நின்ற வெள்ளை அணுக்கள். நோயைக் கொல்ல உடம்பு அனுப்பியவை. அவைதான் வரிசையாகப் பழுப்பாகிக் கிடந்தன. நடுவில் கட்டி நீலமாக, கொழுத்து, ஒரு சேதமும் இல்லாமல் இருந்தது.

அடுத்த கண்ணாடியில் வேறொரு சாயம் ஏற்றிப் பார்த்தேன். சாவுச் செய்தியைச் சுமக்கிற மூலக்கூறு ஒன்று உண்டு. வழக்கமாக அது வெள்ளை அணுக்களின் கையில் இருக்கும். இங்கே கட்டியின் செல்கள் அதைத் தங்கள் மேலெல்லாம் பூசிக்கொண்டிருந்தன. தங்களுக்கு வருகிற செய்தியைக் காதில் வாங்காமல், தங்களைத் தொட வருகிறவர்களுக்கு அதே செய்தியைக் கொடுத்து அனுப்பின. இப்படி நடக்கிறது என்று எழுதியவர்களும் உண்டு, இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. நான் அதை வாசித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். கீழே, வண்ணாரப்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்காரவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

என்னுடைய வழிகாட்டிப் பேராசிரியை பார்த்துவிட்டு, நல்ல மாதிரி, இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்த மேலப்பாளையத்துக்காரருக்கு ரேடியேஷன் ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஊரில் அதைக் கரண்ட் வைக்கிறது என்பார்கள். தினமும் வர வேண்டும், ஆறேழு வாரம். இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம், கேட்டு விசாரித்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். மனைவி கீழே மருந்துக்கு வரிசையில் நின்றிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தொண்டை வெந்துபோய்க் குரல் கம்மியிருந்தது. கஞ்சி கூட எரிகிறது, இந்த வேதனைக்கு நோயே மேல், நாளையிலிருந்து வரமாட்டேன் என்று நினைக்கிறேன் என்றார். அதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட வேண்டுமாம்.

காட்டக்கூடாது என்று எழுதப்பட்ட விதி ஒன்றும் இல்லை. யாரும் காட்டியதில்லை, அவ்வளவுதான். நான் அலமாரியைத் திறந்து, அவருடைய கண்ணாடிகளில் முதல் சாயம் ஏற்றியதை எடுத்து வைத்து, நாற்காலியை அவருக்குத் தாழ்த்திக் கொடுத்தேன். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

"இதுல எது நான்?" என்று கேட்டார்.

எல்லாமே நீங்கள்தான் பாய் என்றேன். நீலமாக இருப்பது உயிரோடு இருப்பது, பழுப்பாக இருப்பது செத்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் கண்ணை எடுக்காமலே விரலால் காற்றில் எண்ணுகிற மாதிரி செய்தார்.

"நெறைய செத்துக் கெடக்கே. செத்ததெல்லாம் நோயாம்மா?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ரொம்ப இருக்காது. அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்துகிற நேரம்தான். வெந்த உதடும் ஒட்டிய கன்னமுமாக அந்த முகம் எனக்கு நேராக வந்தது. நாளைக்கு வரமாட்டேன் என்று சொன்ன முகம். நல்ல வார்த்தையாக ஒன்றைச் சொன்னால் மீதிச் சிகிச்சையையும் முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"ஆமா," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. திரும்பவும் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு, இது கரண்ட் வைப்பதற்கு முன்னால் எடுத்ததுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மைதான். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருக்கிறது, உங்களுக்காகத் துஆ செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பைய நடந்து போனார். அவர் எதற்கு அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ரேடியேஷன் பிரிவில் வேலை பார்க்கிற நர்ஸ் ஒருத்தி கேன்டீனில் தற்செயலாகச் சொன்னாள். அந்த மேலப்பாளையத்து ஆள் வருவதே இல்லை, இரண்டு வாரத்தோடு நின்றுவிட்டார் என்று. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். கரண்ட் வைப்பதற்கு முன்னாலேயே இவ்வளவு செத்திருக்கிறது என்றால், தானாகவே சாகிறது என்றுதானே அர்த்தம். அவர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். நான் கொடுத்ததை வைத்து வேறெப்படி யோசிக்க முடியும்?

அன்று சாயங்காலமே போன் செய்தேன். மனைவி எடுத்தார். அவர் நல்லா இருக்கிறார், தொண்டைப் புண் ஆறிவிட்டது, இட்லியைக் கரைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறார், மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார். கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது என்று சொன்னேன். நோன்பு முடியட்டும் என்றார். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது தப்பு, செத்தது நோய் இல்லை என்று ஒரு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. டாக்டர் ரொம்ப வற்புறுத்துகிறார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பெருநாள் கழிந்து அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். தண்ணீர் கூட இறங்கவில்லை. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். நான் ஒரே ஒரு முறை வார்டு வாசல் வரைக்கும் போனேன். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மனைவி குழாய் வழியாகப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். மூன்றாவது வாரம் இறந்துபோனார்.

டாக்டரிடம் கேட்டேன். முழுச் சிகிச்சை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டேன். கண்டுபிடிக்கும்போதே முற்றித்தான் இருந்தது, சில மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம் என்றார். அந்த "கிடைத்திருக்கலாம்" என்னோடு வீட்டுக்கு வந்தது. தாமிரபரணிப் பாலத்தில் பஸ் நின்றால், கீழே ஆற்றில் படர்ந்து கிடக்கிற அமலைச் செடியின் நடுவே கருகிப் பழுப்பேறிய திட்டுகள் தெரியும். பார்வையை உள்ளே இழுத்துக்கொள்வேன். அந்தப் பழுப்பு தோசையில் தெரியும், சுவரில் ஈரம் காய்ந்த இடத்தில் தெரியும். வேலையை நிறுத்தவும் முடியாது. அவருடைய மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் இரண்டு சாயங்களுக்கு ஏடு சீவ வேண்டியிருந்தது. அவர் மண்ணுக்குள் போன பிறகும் அவரைச் சீவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஏட்டிலும் அந்தக் கட்டி நீலமாக அப்படியே நின்றது.

நாலு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு காலையில் அறை வாசலில் அவர் மனைவி நின்றார். கூடவே அந்த அம்மாவின் தம்பி. புருஷன் இறந்தால் வீட்டோடு இருக்கிற இத்தாவை முடித்து வெளியே வருகிற முதல் இடம் இதுதான் என்றார். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் சின்னதாகத் தெரிந்தது. தம்பியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

உங்களிடம் அவருடையது கொஞ்சம் இருக்கிறது அல்லவா என்று ஆரம்பித்தார். பள்ளிவாசலில் ஆள் விட்டுக் கேட்டாராம். உடம்பிலிருந்து பிரிந்ததையும் மண்ணில் சேர்ப்பதுதான் அதற்கு மரியாதை என்று சொன்னார்களாம். ஒரு ஆள் அங்கே பாதி இங்கே பாதியாகக் கிடக்கக்கூடாது. அது தன்னைத் தூங்க விடாமல் இருக்கிறது என்றார்.

"குடுத்தீங்கன்னா அவுக கபர்லயே அடக்கிருவோம். அவுக பாத்துட்டு வந்து அன்னைக்கு அவ்வளவு சந்தோஷமா சொன்னாவ. நெறைய செத்துப்போச்சு, இனிமே கொஞ்சந்தான் பாக்கின்னு சொன்னாவ."

என்னால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே சொன்னேன். நான் அன்றைக்குப் பொய் சொன்னேன். செத்துக் கிடந்தது நோய் இல்லை. நோயைக் கொல்ல அவர் உடம்பு அனுப்பினது. அதைத்தான் நோய் கொன்று போட்டிருந்தது. அவர் பயந்துவிடக்கூடாது என்று ஆமாம் என்றேன். அவர் அதை நம்பித்தான் சிகிச்சையை விட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. துப்பட்டியின் ஓரத்தை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார்.

"அப்ப செத்துக் கெடந்தது எல்லாம் அவுகளுக்காக வந்ததா?"

"ஆமா."

"அப்பம் அதையும் சேத்துத் தாங்க. அதுவும் அடங்கணும்லா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு ஒரு விண்ணப்பம் வேண்டும் என்றேன். தம்பியைக் கூப்பிட்டு, விண்ணப்பம் எழுதணுமாம், எழுதித் தா என்றார். நான்தான் தாளும் பேனாவும் கொடுத்தேன்.

பேராசிரியைக்கு மனசில்லை. சம்மதம் கொடுத்தவரே இல்லாதபோது யார் திரும்பப் பெறுவது என்று கேட்டார். நோய் கண்டறிய எடுத்த மெழுகுக் கட்டி மருத்துவமனைப் பதிவில் இருக்கட்டும், ஆராய்ச்சிக்கு எடுத்தது குடும்பம் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான் என்று நெறிமுறைக் குழுவில் இருக்கிற வயதான டாக்டர் ஒருவர் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார். உன் கட்டுரை போயிற்று என்றார். போகட்டும் என்றேன். அவரிடமும் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இனிமேல் நோயாளி யாரையும் இந்த அறைக்குள் விடாதே என்று மட்டும் சொன்னார்.

மெழுகுக் கட்டியும் ஒன்பது கண்ணாடிகளும். ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். கண்ணாடியை எப்படி மண்ணில் போடுவது என்று தம்பி தயங்கினார். உடையாமல் வைக்கலாம் என்றார் அந்த அம்மா. அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கபர்ஸ்தானில் குழி தோண்டி வைத்தார்கள். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் அங்கே இல்லை. நானும் அவரும் மதில் ஓரமாக வேப்ப மரத்தின் கீழே நின்றோம். மண்வெட்டி கல்லில் படுகிற சத்தம் கேட்டது. அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தம்பி வெளியே வந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியதும் அவர் ஆட்டோவில் ஏறினார்.

எடுத்த படங்கள் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அழிக்க இரண்டு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

போன வருஷம் அவர் மனைவி திரும்ப வந்தார். இந்த முறை அவருக்கே. சோறு தொண்டையில் நிற்கிறது என்றார். எண்டாஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் வீட்டில் ஒருவருக்கு இருந்ததால் டாக்டர் ஒரு துணுக்கு எடுத்தார். முடிவு ரிப்போர்ட் கையில் வந்ததும் நேராக என்னிடம் வந்து, நீ பார்த்துச் சொல் என்றார். நான் நோயியல் பிரிவில் கேட்டு அந்தக் கண்ணாடியை வாங்கி, அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பார்த்தேன். சுத்தமான படலம். அடியில் பிறந்து, மேலே ஏறி, தட்டையாகி, காலம் வந்ததும் உதிர்ந்துபோகிற செல்கள். எல்லாம் முறைப்படி. ஒரு இடம் விடாமல் இரண்டு தடவை பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுமே இல்லை, எல்லாம் நல்லா இருக்கிறது, துக்கத்தில் சில பேருக்குத் தொண்டை இப்படிப் பிடித்துக்கொள்ளும் என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை.

அவர் என் முகத்தையே பார்த்தார். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. கோபம் துளியும் இல்லாத குரலில் கேட்டார்.

"அவுகளுக்கும் இப்படித்தான சொன்ன, பிள்ள?"

நான் ரிப்போர்ட்டைக் காட்டினேன். எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

பிறகு மதுரைக்குப் போய் வேறொரு மருத்துவமனையில் பார்த்திருக்கிறார். அங்கேயும் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்களாம். இதை அவர் தம்பி சொல்லித்தான் தெரியும். அக்கா இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரு சொன்னாலும் நம்ப மாட்டேங்கா. சோத்தக் கரைச்சுத்தான் குடிக்கா," என்றார்.